பிள்ளை வேண்டுமா? பிண்டம் வேண்டுமா?

அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஆவுடையார்கோயில் என்று ஒரு க்ஷேத்திரம் இருப்பது நமது வாசகர்களுக்குத் தெரியும். அங்கே கருவறையில் லிங்கம் கிடையாது. அடியிலுள்ள ஆவுடையார் மாத்திரந்தான் உண்டு. சாமிக்கு உருவமில்லை என்பது தத்துவமாம். உருவமில்லாத சாமிக்குச் சோறு படைப்பது எப்படி? புழுங்கலரிசியைச் சமைத்து, கொதிக்கக் கொதிக்கக் கல்மேடையின்மேல் கொட்டுகின்றார்கள். அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் நைவேத்தியம்.

இந்தத் தத்துவத்தின் யோக்கியதையை இன்றைக்கு நாம் ஆராயப்போவதில்லை. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். வாயும் வயிறும் இல்லாத ஒன்றுக்கு வேளை தவறாமல் உலை வைப்பதற்கு நூற்றுக்கணக்கான வருஷங்களாக இந்த ஜனங்களால் ஏற்பாடு செய்ய முடிந்திருக்கின்றது. அதே பக்கத்தில், வாயும் வயிறும் உள்ள ஒரு குழந்தைக்குத் தாயும் தகப்பனும் இல்லாமற்போய்விட்டால், அது நாளைக் காலையில் யார் வீட்டில் பல் விளக்கும், யார் வீட்டுத் தட்டில் சாப்பிடும் என்பதற்கு நாம் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு என்ன?

ஒரு பெண் குழந்தையின் சங்கதியைச் சொல்லுகின்றோம். அறந்தாங்கிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கத்து ஊர். ஊரையும் பேரையும் போடமாட்டோம். இப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தைப் பத்திரிகையில் வெளியிடக்கூடாது என்று 2015-ஆம் வருஷத்திய இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்லுகின்றது. சட்டம் சொல்லாவிட்டாலும் போடமாட்டோம்.

குழந்தைக்கு வயது 9. தகப்பன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. தாய் மறு வருஷமே சீக்கில் மாண்டுபோனாள். மிஞ்சியது தாயைப் பெற்ற பாட்டியம்மாள் ஒருத்தி. கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறி அறந்தாங்கிக்கு வந்து விற்றுவிட்டுப் போகிறவர். கண்பார்வை மட்டு. குழந்தையை என்ன செய்வது என்று சுற்றத்தார் கூடினார்கள். கூடினவர்கள் முதலில் செய்த காரியம் ஜாதகத்தை எடுத்துப் பார்த்ததுதான். மூல நட்சத்திரமாம். "பெத்தவங்களைத் தின்ன பொண்ணு" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். கடல் கொன்றது ஒருவனை, நோய் கொன்றது ஒருத்தியை. பழி மாத்திரம் 9 வயதுப் பெண்ணின் தலைமேல்!

அப்புறம் தூரத்து உறவுக்காரர் ஒருவர் தருமவானாக முன்வந்தார். டவுனிலே வைத்துப் படிக்க வைப்பதாகச் சொல்லி அழைத்துப் போனார். நான்கு மாதம் கழித்துப் பாட்டியம்மாள் போய்ப் பார்த்தபோது குழந்தையின் இடுப்பில் அந்த வீட்டுக் கைக்குழந்தை. எதிரே கழுவவேண்டிய பாத்திரம். பள்ளிக்கூடப் பை வாங்கியபடியே ஆணியில் தொங்குகின்றது. பாட்டியம்மாள் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

மூன்றாவதாக வந்தவர்கள் அறந்தாங்கியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு தம்பதி. விவாகமாகிப் பதினான்கு வருஷம், பிள்ளையில்லை. கருவாடு வாங்கும் பழக்கத்தில் குழந்தையைப் பார்த்து, தாங்களே வளர்க்கின்றோம் என்று கேட்டார்கள். பாட்டியம்மாளும் சம்மதித்தார். விஷயம் தெருவில் பரவியதும் ஊர்ப் பெரியதனக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, குழந்தைக்கு என்ன படிக்க ஆசை என்பதல்ல. "என்ன ஜாதி?" என்பதுதான். தெருவாரை எப்படியோ சமாளித்தாலும், வீட்டுக்குள்ளே புருஷனின் தாயார் போட்ட போடு பெரிதாக இருந்தது. "கொள்ளி போட ஒரு பயலைப் பாக்காம, எவளோ பெத்த பொட்டப்புள்ளைக்கு ஆக்கிப் போடவா என் மகன் சம்பாதிக்கிறான்?" தம்பதிகள் பின்வாங்கிவிட்டார்கள்.

குழந்தை இப்போது வேறு ஜில்லாவில் ஒரு விடுதியில் இருக்கின்றது. பாட்டியம்மாள் மாதம் ஒரு முறை முறுக்குப் பொட்டலத்தோடு பஸ் ஏறுகின்றார். நாம் அவரோடு பேசினோம். "வரும்போதெல்லாம் 'அம்மாச்சி, என்னைய எப்பக் கூட்டிட்டுப் போவே?'ன்னு கேக்குது தம்பி. நான் என்னத்தச் சொல்ல? ஒரு நாளைக்கு நூறு ரூவா யாராச்சும் குடுத்தா என் கூடவே வச்சிருந்திருப்பேன்" என்றார்.

தோழர்களே! இங்கேதான் நம் நெஞ்சு கொதிக்கின்றது. அந்த நூறு ரூபாயைக் கொடுக்கச் சர்க்காரில் திட்டம் இருக்கின்றது. நூறு அல்ல, அதற்கு மேலேயே இருக்கின்றது. மிஷன் வாத்சல்யா என்னும் திட்டத்தின் 2022-ஆம் வருஷத்திய விதிமுறைகளின்படி, தாய் தகப்பனை இழந்து உறவினரிடத்தில் வளரும் ஏழைக் குழந்தைக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல் வருமானமில்லாத குடும்பமாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. கருவாட்டுக் கூடையில் அதற்குமேல் வருமானமா வரப்போகின்றது? நாளொன்றுக்குக் கணக்குப் போட்டால் 133 ரூபாய். பாட்டியம்மாள் கேட்டது நூறு! இதைத் தவிர, 2025 செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டுச் சர்க்கார் 'அன்புக் கரங்கள்' என்று தொடங்கிய திட்டத்தில், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரையில் மாதம் 2000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. ஜாதகத்தில் மூல நட்சத்திரம் இருப்பதைச் சொல்ல ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள். இந்த 4000 ரூபாயைப் பற்றிச் சொல்ல ஒருவன் இல்லை. பஞ்சாங்கம் போன வீட்டுக்கெல்லாம் சர்க்கார் உத்தரவு போகாத நாட்டில் வேறு என்ன நடக்கும்?

நிற்க, 'வளர்ப்புப் பராமரிப்பு' என்ற ஒன்று சட்டத்தில் இருப்பதே நம் ஜனங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தத்து என்றால் தெரியும். விடுதி என்றால் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியுண்டு. சொந்த வீட்டில் இருக்க வகையில்லாத குழந்தையை, உறவில்லாத ஒரு நல்ல குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது. 2015-ஆம் வருஷத்திய சட்டத்தின் 44-ஆவது பிரிவு இதைச் சொல்லுகின்றது. ஜில்லாவிலுள்ள குழந்தைகள் நலக் குழு குடும்பத்தை விசாரித்து உத்தரவு போடும். கூடப் பிறந்தவர்களைக் கூடியமட்டும் பிரிக்கக்கூடாது. குழந்தையின் படிப்பு, வைத்தியம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் வளர்க்கும் குடும்பமே பொறுப்பு. அதற்குச் சர்க்கார் மாதாமாதம் பணம் தரவேண்டும். நலக் குழு மாதந்தோறும் வந்து பார்க்கவேண்டும். பெற்றவர்கள் உயிரோடிருந்தால் அவர்கள் வந்து பார்க்கவும் இடமுண்டு. தாய் ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் கிடக்கின்றாள், தகப்பன் ஜெயிலில் இருக்கின்றான் என்றால், நிலைமை சீர்ப்பட்டதும் குழந்தை தன் வீட்டுக்கே திரும்பிப் போகலாம். விடுதி என்பது கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் எழுதியிருக்கும் கொள்கை. காகிதத்தில் கடைசி வழி. நம் நாட்டு அனுபவத்தில் அதுவே முதல் வழி!

இதில் நம் ஜனங்களுக்குப் புரியாத இடம் ஒன்று இருக்கின்றது. "நாம் வளர்ப்போம், அது திரும்பிப் போய்விடும் என்றால் நமக்கு என்ன லாபம்?" என்கிறார்கள். பிள்ளை என்றால் ஒரு முதலீடு. வயதான காலத்தில் கஞ்சி ஊற்றவேண்டும், செத்தால் கொள்ளி வைக்கவேண்டும், செத்த பின்னும் வருஷா வருஷம் பிண்டம் போடவேண்டும். இந்த வரவு செலவில் அடங்காத பிள்ளை பிள்ளையே அல்ல என்பது இவர்கள் எண்ணம். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று ஒரு பழமொழி வேறு வைத்திருக்கிறார்கள். அதிலும் பாருங்கள், பேரம்! ஊரான் பிள்ளைக்குப் பசிக்கின்றது என்பதற்காக ஊட்டுவதாக ஒரு பழமொழி கூட நம்மிடம் இல்லை.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? சாஸ்திரத்திலிருந்து வந்தது. 'புத்' என்று ஒரு நரகமாம். அதிலே விழாமல் தகப்பனைக் காப்பாற்றுகிறவன் 'புத்திர'னாம். ஆகவே பிள்ளை பெறாதவன் ஒரு பையனைச் சுவீகாரம் எடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். கவனியுங்கள், பையனை. பெண் குழந்தையை எடுக்க சாஸ்திரத்தை ஒட்டிய அந்தப் பழைய சட்டத்தில் இடமில்லை. அந்தப் பையனும் அதே ஜாதியாக இருக்கவேண்டும். தெருவில் கிடக்கும் அனாதை சாகலாம். பங்காளியின் மூன்றாவது மகன், சொந்தத் தகப்பன் வீட்டில் நெய்ச்சோறு தின்றுகொண்டிருப்பவன், சுவீகாரம் போகலாம். அதாவது சுவீகாரம் என்பது வீடில்லாத பிள்ளைக்கு வீடு தேடுவதல்ல; பிண்டமில்லாத வீட்டுக்குப் பிண்டம் தேடுவது.

விதவை ஒருத்தி பிள்ளை எடுக்கலாமா என்ற வழக்கு நமக்கு அண்டையிலுள்ள ராமநாதபுரம் ஜமீனிலிருந்து சீமையில் பிரிவி கௌன்சில் வரைக்கும் போயிற்று. 1868-இல் தீர்ப்பு வந்தது. புருஷன் உயிரோடிருக்கையில் அனுமதி கொடுக்காவிட்டால், அவனுடைய பங்காளிகளின் சம்மதம் பெற்று அவள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு பெண்ணுக்குக் குழந்தையை வளர்க்க ஆசை உண்டாவதற்குப் பங்காளிகளின் கையெழுத்து! 1956-இல் சட்டம் வந்த பிறகுதான் இந்துக் குடும்பங்களில் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம், ஜாதி ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்று ஆயிற்று. விவாகமான பெண் தன் பேரால் தத்தெடுப்பதற்கு 2010 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் புருஷன் சம்மதத்தோடு. எந்த மதத்தாரும் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2014-இல். சட்டம் இவ்வளவு தூரம் நொண்டி நொண்டி வந்து சேர்ந்துவிட்டது. அறந்தாங்கித் தையல்காரரின் தாயார் மாத்திரம் இன்னும் 'புத்' நரகத்தின் வாசற்படியிலேயே நிற்கின்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு அதைக் கற்பித்தவர்கள் யாரென்பது நமக்குத் தெரியாதா?

பெண் குழந்தைகளைச் சுவீகாரம் எடுப்பதை அந்தக் காலத்தில் வழக்கமாக வைத்திருந்தவர்கள் ஒரு கூட்டத்தார் உண்டு, அவர்கள் தேவதாசிகள். ஏன் என்பதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. கோயிலுக்குப் பொட்டுக்கட்டப் பெண் வேண்டியிருந்தது. வளர்க்கத் தகாத பெண் குழந்தை, பொட்டுக்கட்ட மாத்திரம் தகுந்ததாயிற்று. அந்தக் கொடுமையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1886-இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர். (அறந்தாங்கி அப்போது தஞ்சை ஜில்லாவில் இருந்தது; 1974-இல்தான் புதுக்கோட்டை ஜில்லாவோடு சேர்ந்தது.) 1930-இல் அப்படித் தப்பிவந்த சில பெண்களுக்குச் சென்னை விடுதிகளில் இடம் கிடைக்காதபோது, அம்மையார் அவர்களை எங்கே வைத்தார்? தம்முடைய வீட்டில் வைத்தார். அதிலிருந்துதான் அவ்வை இல்லம் உண்டாயிற்று. அவர் ஜாதகம் பார்க்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை. கதவைத் தட்டினார்கள், திறந்தார், அவ்வளவுதான்.

"யார் பெற்றதோ! ரத்தம் எப்படியோ!" என்று பயப்படும் பக்தர்களை ஒன்று கேட்கின்றோம். நீங்கள் கும்பிடும் முருகனை வளர்த்தது யார்? பெற்றவள் அல்ல, கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் என்பது உங்கள் புராணந்தானே! கிருஷ்ணனை வளர்த்தது யசோதை. சீதை உழவுச் சாலில் அகப்பட்டவள். ஆண்டாள் துளசிச் செடியின் கீழே கிடந்தவள். இவர்களில் யாருக்காவது ஜாதிச் சர்டிபிகேட்டு இருந்ததா? கல்லாகவும் செம்பாகவும் இருந்தால் குலம் கேட்காமல் பல்லக்கில் தூக்குகின்றீர்கள். மூச்சு விடுகின்ற குழந்தையாக வந்து நின்றால் "என்ன ஜாதி?" என்கின்றீர்கள். கர்ணனைத் தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று சபையிலே கேலி செய்ததையும், மணிமேகலையிலே ஆபுத்திரனுக்கு நடந்ததையும் பார்த்தால், இந்த நோய் நேற்று வந்ததல்ல என்பது விளங்கும். ஆபுத்திரன் தாயால் கைவிடப்பட்ட குழந்தை. பசு ஒன்று ஏழு நாள் பால் கொடுத்தது. இளம்பூதி என்னும் பார்ப்பனன் எடுத்து வளர்த்தான். பையன் வேதமெல்லாம் படித்தான். யாகத்தில் வெட்டக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டான் என்றதும் பிறப்பைக் கிளறினார்கள். வளர்த்த தகப்பனே வீட்டைவிட்டுத் துரத்தினான். அவ்வளவு வருஷம் ஊட்டிய சோற்றை ஒரு நொடியில் ஜாதி தோற்கடித்துவிட்டது!

ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ருமேனியா தேசத்து அனுபவத்தையும் கேட்கட்டும். 1989-இல் அந்த நாட்டுச் சர்வாதிகாரி வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் சர்க்கார் விடுதிகளில் கிடந்தார்கள். படுக்கை இருந்தது, கஞ்சி இருந்தது, கூரை இருந்தது. 2000-க்குப் பிறகு அமெரிக்க விஞ்ஞானிகள், தலைநகரான புக்காரெஸ்டில் இப்படி விடுதியிலிருந்த 136 கைக்குழந்தைகளை எடுத்து, சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு பாதியாக்கி, ஒரு பாதியைக் கூலி கொடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். மறு பாதி விடுதியிலேயே இருந்தது. 2007-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் வளர்ந்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சி, விடுதியில் இருந்தவர்களைவிட நன்றாக இருந்தது. ஏறக்குறைய 2 வயதுக்குள் வீடு கிடைத்த குழந்தைகள் அதிகமாகத் தேறினார்கள். ரத்தம் யாருடையதோ! மாறியது வீடு மாத்திரம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறுகின்ற இடத்தில் குழந்தை யாரைப் பார்த்துச் சிரிக்கும்? சிரித்தால் யார் திருப்பிச் சிரிப்பார்கள்? இதைச் சொல்வதற்கு விஞ்ஞானி கூட வேண்டியதில்லை; நம்ம ஊர்த் தாய்மார்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

விடுதி நடத்துகிறவர்கள் எல்லாரையும் நாம் குறை சொல்வதாக எண்ணவேண்டாம். நாதியற்ற காலத்தில் அவை உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன. திருச்சி நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பெரியாரும் மணியம்மையாரும் தங்கள் பெயரின் எழுத்துக்களையே முதலெழுத்தாகக் கொடுத்தார்கள். இது சாதாரணக் காரியமல்ல. ஆனால் விடுதிக்குச் சோறு போடப் போகின்ற தருமப் பிரபுக்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. தன் மகனுக்குப் பிறந்தநாள் என்றால், தகப்பனார் திவசம் என்றால், கார் பிடித்து விடுதிக்கு வருகின்றார்கள். குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து, கேசரி போட்டு, கைகூப்பச் சொல்லி, போட்டோ எடுத்து, செல்போனில் ஊரெல்லாம் அனுப்பிவிட்டு ஒரு மணி நேரத்தில் போய்விடுகின்றார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை கேக் வெட்டுவதைப் பார்த்துக் கைதட்டவேண்டும்! இதற்குப் பேர் புண்ணியம். 40 இலை போடுகிறவர்களே, அதில் ஒரு இலையை உங்கள் வீட்டில் தினந்தோறும் போட முடியுமா என்று கேட்டால், அப்போது மாத்திரம் வீட்டில் இடம் குறைந்துபோகின்றது.

இன்னொரு ஆட்சேபணை. "மாதம் 4000 ரூபாய் கொடுத்தால் பணத்துக்காகப் பிள்ளை வளர்க்கக் கிளம்புவார்களே!" என்கின்றார்கள். திவசத்துக்கு மந்திரம் சொல்லுகிறவருக்குத் தக்ஷணை கொடுக்கும்போது, பணத்துக்காகவா சொல்லுகிறீர் என்று எவனும் கேட்பதில்லை. உபாத்தியாயர் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் பாடம் சொல்லுகின்றார். குழந்தை வளர்ப்பது மாத்திரம் இனாமாக நடக்கவேண்டுமாம்! அந்த 133 ரூபாயில் ஒரு வளரும் பிள்ளைக்குப் பால், முட்டை, நோட்டுப் புத்தகம், செருப்பு, காய்ச்சல் மருந்து, பஸ் சத்தம் எல்லாம் ஆகவேண்டும். லாபம் அடிக்க அதில் இடம் எங்கே? அதிகம் என்பதல்ல நம் புகார். அது மாதம் பிறந்தவுடன் கைக்கு வரவேண்டும் என்பதுதான். குழந்தையின் பசி பட்ஜெட் வரும்வரையில் காத்திருக்காது.

பணத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவர்களைவிட, வேலைக்கு ஆள் தேடி வருகிறவர்களைப் பற்றித்தான் அதிகமாகப் பயப்பட வேண்டும். நலக் குழுவின் கண்ணுக்குத் தெரியாமல், உறவு என்றும் தருமம் என்றும் சொல்லி அழைத்துப்போன வீட்டில் அந்தப் பெண் குழந்தைக்கு என்ன நடந்தது என்பதை மேலே சொன்னோம். ஆகவே எழுத்து மூலமான உத்தரவு, மாதாமாதப் பார்வை என்பவையெல்லாம் சர்க்கார் தொந்தரவு என்று எண்ணக்கூடாது. கைக்குழந்தையை ஆஸ்பத்திரி வாசலில் கைமாற்றிக்கொள்ளும் பழக்கமும் சில இடங்களில் இருக்கின்றது. சட்டப்படியல்லாமல் தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் 3 வருஷம் வரை ஜெயிலுக்குரிய குற்றம். பணம் கைமாறினால் 5 வருஷம்.

இனி, வளர்க்க முன்வருகிறவர்களுக்கு நாம் கண்டதும் கேட்டதுமான சிலவற்றைச் சொல்லுவோம். ஏனென்றால் அன்பு இருந்தால் போதும் என்று பேசுகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் அலுத்துப் போகின்றார்கள். வந்த குழந்தை முதலில் சோற்றை ஒளித்து வைக்கும். தலையணைக்கடியில் இட்லி இருக்கும். எறும்பு மொய்த்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும். இது திருட்டல்ல. நாளைக்குச் சோறு உண்டு என்பதை அதன் வயிறு இன்னும் நம்பவில்லை, அவ்வளவே. திட்டினால் இன்னும் நன்றாக ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்ளும். எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு டப்பாவில் முறுக்குப் போட்டு அதன் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டால், கொஞ்ச நாளில் அந்த டப்பாவை மறந்துவிடும். 8 வயதுப் பிள்ளை படுக்கையில் சிறுநீர் விடும். மந்திரித்துக் கயிறு கட்டுகிறவனிடம் ஓடாதீர்கள். கீழே ஒரு ரப்பர்த் துணி விரித்து, காலையில் பேசாமல் துவைத்துப் போடுங்கள். காரணமில்லாமல் முரண்டு பிடிக்கும், தட்டை வீசும். நீங்களும் துரத்துவீர்களா என்று அது சோதித்துப் பார்க்கின்றது. துரத்தாவிட்டால் சோதனை ஒரு நாள் நின்றுபோகும்.

பெயரை மாற்றாதீர்கள். தாய் வைத்த பெயர் ஒன்றுதான் சில குழந்தைகள் கொண்டுவரும் சொத்து. இறந்துபோன தாயின் போட்டோ இருந்தால் வீட்டிலே சுவரில் மாட்ட இடம் கொடுங்கள்; "அவளை மறந்துவிடு" என்று சொல்லுகிற வீட்டை எந்தக் குழந்தையும் தன் வீடென்று நினைக்காது. சொந்தப் பிள்ளைக்குச் சில்வர் தட்டு, இதற்கு வேறு தட்டு என்று வைத்தீர்களானால் மற்ற எல்லா உபசாரமும் வீண். "உனக்கு எவ்வளவு செய்திருக்கிறேன்!" என்ற வார்த்தை அந்த வீட்டில் வரவே கூடாது. கணக்கில் பின் தங்கியிருந்தால் மண்டை மழுங்கியது என்று முடிவு கட்டாதீர்கள். வாத்தியாரிடம் போய், இந்தப் பிள்ளை இரண்டு வருஷத்தில் மூன்று பள்ளிக்கூடம் மாறியிருக்கின்றது என்று சொல்லி, விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க வழி கேளுங்கள். பாட்டியோ மாமனோ இருந்தால் வந்து பார்க்க விடுங்கள். பார்த்துவிட்டுப் போன அன்றிரவு குழந்தை அழத்தான் செய்யும். அதற்காகக் கதவைச் சாத்திவிடக் கூடாது.

வளர்க்கிறவர்களுக்கும் ஊர் துணையாக இருக்கவேண்டும். இங்கேதான் நம்முடைய கழகத் தோழர்களையும் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது. மேடையில் ஜாதி ஒழிக என்று கைதட்டுகிறோம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் ஜாதி தெரியாத ஒரு குழந்தை வளருகின்றது? எடுத்து வளர்க்க வசதியில்லாவிட்டால் போகின்றது, பக்கத்து வீட்டில் ஒருவர் வளர்த்தால் அந்தக் குழந்தையின் காது கேட்க "இது யாரு பெத்தது?" என்று கேட்காமலாவது இருக்கலாம். கஜாப் புயல் 2018 நவம்பரில் அடித்தபோது, விழுந்த தென்னையை அகற்ற ஒருவருக்கொருவர் அரிவாளோடு ஓடினோமே! 2021-இல் கொரோனா பெற்றோரைக் கொண்டுபோன குழந்தைகளுக்குச் சர்க்கார் 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதியும், உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3000 ரூபாயும் என்று உத்தரவு போட்டபோது, எல்லாரும் நியாயம் என்றோமே! கடலில் தகப்பன் போன குழந்தையும், காசநோயில் தாய் போன குழந்தையும் மாத்திரம் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களுடைய அனாதைத்தனம் பத்திரிகையில் வரவில்லை என்பதைத் தவிர.

கலியாணம் ஆகாதவர்களும், கணவனை இழந்தவர்களும், பிரிந்து வாழ்கிறவர்களும் கூட வளர்ப்புப் பெற்றோராகலாம் என்று 2024-இல் விதிகளைத் தளர்த்தியிருக்கின்றார்கள். தனியாக இருக்கும் பெண் ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும் வளர்க்கலாம். தனியாக இருக்கும் ஆண், ஆண் குழந்தையை மாத்திரம். அப்படி வளர்த்தவர்கள் 2 வருஷம் ஆனபின் அதே குழந்தையைத் தத்தெடுக்கக் கேட்கலாம். முன்னே இது 5 வருஷமாக இருந்தது. 1868-இல் பங்காளிகளின் சம்மதம் கேட்டு நின்ற விதவையைப் பற்றி மேலே சொன்னோம். அறந்தாங்கியில் இன்று ஒரு விதவை, எந்தப் பங்காளியையும் கேட்காமல், தன் கையெழுத்தைப் போட்டு ஒரு குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரலாம். அழைத்து வரும்போது ஊர் வாய் திறந்தால், வாயை மூடச் சொல்ல நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேராக இருப்பதற்கு நமது தோழர்கள் மனு ஒன்றும் எழுதிக் கொடுக்கவேண்டியதில்லை.

மனு கொடுக்க வேண்டியவர்கள் புதுக்கோட்டையிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்கவேண்டும். நாதியற்ற குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. பாட்டியம்மாளுக்கு நிதி ஆதரவு கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கின்றோம். கிடைத்தால் குழந்தை தன் அம்மாச்சியிடமே வந்துவிடும். பாட்டியம்மாளுக்கு வயது எழுபதுக்கு மேல். பார்வை மட்டு என்று முன்னமே சொன்னோம். ஆகவே தையல் கடைத் தோழரே, உம்முடைய தாயாரின் கொள்ளிக் கவலையை நீர் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டியம்மாள் பஸ் ஏறுகின்றார். பக்கத்தில் இரண்டு இடம் காலியாகத்தான் இருக்கும்.